மார்க்கை ஒட்டிப் போயும் ஏன் பின்தங்குகிறேன்?

கேள்வி: டிங்கி (சிறிய பாய்மரப் படகு) பந்தயத்தில் நேர் ஓட்டத்தில் என் படகு நன்றாகவே போகிறது. ஆனால் லீவர்ட் மார்க்கை (காற்று போகும் பக்கத்தில் இருக்கும், சுற்றி வர வேண்டிய மிதவையை) எவ்வளவு நெருங்கிச் சுற்றினாலும், சுற்றி முடிப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் உள்பக்கமாக ஏறிவிடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: உள்ளே போகும்போதே ஒட்டிப் போகிறீர்கள், அதுதான் தவறு. படகு நின்ற இடத்தில் திரும்பாது, ஒரு வளைவு போட்டுத்தான் திரும்பும். மார்க்கை உரசிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அந்த வளைவு முழுவதும் மார்க்கைத் தாண்டின பிறகு விழும், நீங்கள் காற்றை நோக்கித் திரும்பி முடிக்கும்போது மார்க்குக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு படகு புகும் அளவுக்கு இடம் கிடக்கும். அதில் ஒருவர் நுழைந்துவிட்டால் நல்ல காற்று முதலில் அவர் பாய்க்குத்தான், டாக் அடித்து (மூக்கைக் காற்றுக்கு ஊடாகத் திருப்பி மறுபக்கம் போய்) தப்பலாம் என்றால் அந்தப் பக்கத்தையும் அவரே அடைத்துக்கொண்டிருப்பார்.

அதனால் ஒரு படகு நீளமாவது தள்ளி வாருங்கள். மார்க் வருவதற்கு முன்பே திரும்பத் தொடங்குங்கள். மார்க் உங்கள் பக்கவாட்டில் வரும் நேரத்தில் படகு ஏற்கெனவே குளோஸ்ஹால்டில் (காற்றை நோக்கி முடிந்தவரை நெருங்கிப் போகும் கோணத்தில்) இருக்க வேண்டும், எட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் மார்க் கடந்து போக வேண்டும். சென்டர்போர்டை (படகின் அடியில் இறங்கும் பலகையை) இறக்குவது, கிக்கரையும் (பாயின் அடிக்கட்டையைக் கீழே இழுக்கும் கயிறு) கன்னிங்ஹாமையும் (பாயின் முன் விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) இழுப்பது எல்லாம் கூட்டத்துக்குள் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் திரும்பும்போது உங்கள் இரண்டு கைகளுக்கும் டில்லரும் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) மெயின்ஷீட்டும் (பெரிய பாயை இழுக்கும் கயிறு) மட்டுமே வேலை. ஷீட்டைப் படகு திரும்பும் வேகத்துக்கே இழுங்கள். முன்னதாக இழுத்துவிட்டால் வேகம் செத்துவிடும், தாமதித்தால் பாய் படபடக்கும். இன்னொன்று, டில்லரை முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள், சுக்கான் அப்போது பிரேக்காகத்தான் வேலை செய்யும். படகைக் காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் சாயவிட்டால் அது தானாகவே காற்றை நோக்கித் திரும்பும், முடிக்கும்போது வெளியே சாய்ந்து உட்கார்ந்து நிமிர்த்திவிடுங்கள். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த சில நொடிகள் இவை.

கேள்வி: மார்க் அருகே உள்ளே வருபவர் “இடம் விடு” என்று கத்துகிறார். விட்டே ஆக வேண்டுமா?

பதில்: கத்துவதால் உரிமை வந்துவிடாது. மார்க்கைச் சுற்றி மூன்று படகு நீளம் வரை உள்ள வட்டத்தை விதிகள் ‘ஸோன்’ என்கின்றன. இருவரில் முதல் படகு அதைத் தொடும் நொடியில் ஓவர்லாப் இருந்ததா, அதாவது ஒரு படகு மற்றதற்கு முழுதாகப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் சேர்ந்து வந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தால் வெளிப்பக்கம் இருப்பவர் உள்ளே இருப்பவருக்கு இடம் விட வேண்டும். அப்போது நீங்கள் முழுதாக முன்னால் இருந்தீர்கள் என்றால், பிறகு அவர் மூக்கை நுழைத்தாலும் இடம் விட வேண்டியவர் அவர்தான்.

நான்கைந்து படகுகள் பக்கம் பக்கமாக வந்து நீங்கள் கடைசி வெளிப்பக்கத்தில் மாட்டினால், என்னைக் கேட்டால், வெளியே சுற்றவே சுற்றாதீர்கள். வேகத்தைக் குறைத்து அவர்களை முன்னே விட்டு, பின்னாலேயே வந்து மார்க்கை ஒட்டி வெளியேறுங்கள். பொறுமை வேண்டும்தான், ஆனால் வெளியே சுற்றியவர்கள் பலர் அப்போது உங்களுக்குக் கீழே கலங்கின காற்றில் கிடப்பார்கள். மார்க்கைத் தொட்டுவிட்டால் விலகிப்போய் ஒரு டாக், ஒரு ஜைப் (படகின் பின்பகுதியைக் காற்றுக்கு ஊடாகத் திருப்புவது) சேர்ந்த ஒரு முழுச் சுற்று போட்டுவிடுங்கள். அதை யாரும் பார்க்காவிட்டாலும் போட வேண்டும்.

கேள்வி: விண்ட்வர்ட் மார்க்குக்கு (காற்று வரும் பக்கத்து மார்க்) போர்ட் டாக்கில், அதாவது காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்படி வரலாமா?

பதில்: மார்க்கை இடப்பக்கம் விட்டுச் சுற்றும் பந்தயத்தில், கூட்டம் இருந்தால் வேண்டாம். ஸ்டார்போர்டில் (காற்று வலப்பக்கத்திலிருந்து வரும்படி) வரிசையாக வருபவர்களுக்கே வழி உரிமை, நீங்கள் ஸோனுக்குள் டாக் அடித்து, நேராக மார்க்குக்கு வந்துகொண்டிருக்கும் ஒருவரைக் குளோஸ்ஹால்டுக்கு மேலே போக வைத்தால் தவறு உங்களுடையது. ஸோனுக்கு நன்றாக வெளியிலேயே ஸ்டார்போர்டுக்கு மாறி, லேலைனுக்கு (மறுபடி டாக் அடிக்காமல் மார்க்கை எட்டும் கோடு) ஒரு படகு நீளம் மேலாகவே வாருங்கள், எதிர் நீரோட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம். மார்க்கை அடைந்ததும் கிக்கரைத் தளர்த்தி, மெயின்ஷீட்டைத் தாராளமாக விட்டு, படகைக் காற்று வரும் பக்கம் லேசாகச் சாயுங்கள். பாயை விடாமல் டில்லரை மட்டும் இழுத்தால் பலத்த காற்றில் படகு திரும்ப மறுக்கும், அடுத்த படகின் மேல் போய் இடிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான்.