நல்லமிளகும் நல்ல மாமியாரும்

கேள்வி: நான் திண்டுக்கல் பெண். குழித்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடம் ஆகிறது. மாமியார் பேச்சில் பாதி மலையாளம், சமையலில் முழுக்கத் தேங்காய் எண்ணெய். நான் நல்லெண்ணெயில் தாளித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். எதைச் செய்தாலும் குற்றம். அவரோடு ஒத்துப்போக ஒரு நல்ல வழி சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வழி இருக்கட்டும் அம்மா, அந்த 'நல்ல'வில் போய் என் கண் நின்றுவிட்டது. நாம் அந்தச் சொல்லை எதற்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். கொத்தினால் ஆளையே சாய்க்கிற பாம்புக்கு நல்லபாம்பு என்று பேர். கடித்தால் காதில் புகை வருகிற மிளகு, எங்கள் ஊரில் நல்லமிளகு. உங்கள் மாமியாரைத் திண்ணைக்கு விரட்டுகிற எண்ணெய் நல்லெண்ணெய். இந்தக் கணக்குப்படி யாராவது உங்களிடம் 'உனக்கு நல்ல மாமியார் வாய்த்திருக்கிறாள்' என்று சொன்னால் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

நல்லமிளகு என்றதும் என் வீட்டுக் கதை ஒன்று. என் மனைவி கரூர்ப் பக்கம். கல்யாணமாகித் தக்கலைக்கு வந்த முதல் வாரம், அடுக்களையிலிருந்து என் அம்மா "மக்களே, இத்திரி (கொஞ்சம்) நல்லமிளகு எடு" என்று குரல் கொடுத்திருக்கிறார். இவள் டப்பாவைத் திறந்து மிளகு முழுவதையும் முறத்தில் கொட்டி, சுருங்கியது, பொக்கு, காம்பு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளி, கால் மணி நேரம் கழித்து உருண்டையாக, ஒரே அளவாக, ஒரு உள்ளங்கை மிளகை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். அதற்குள் ரசம் வற்றிப் பாத்திரத்தின் அடியில் பிடித்துவிட்டது. அம்மா மிளகைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இவள் இன்றைக்கும் சொல்வாள்.

மறுநாள் இவள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஊருக்குப் பேசினாள். "மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்ட தன் அம்மாவிடம், குரல் கம்ம, "சக்கைதாம்மா கொடுத்தாங்க" என்றாள். எங்கள் ஊரில் சக்கை என்றால் பலா. தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்து அவித்துக் கிண்டினால் அதற்குத் தனி ருசி, விருந்தாளிக்கே வைப்போம். கரூரில் சக்கை என்றால் ஆலையில் சாறு பிழிந்தபின் மிஞ்சுகிற கரும்புச் சக்கை. மூன்றாம் நாள் காலையில் என் மாமனார் ஒரு மூட்டை பொன்னி அரிசியோடு வாசலில் வந்து நிற்கிறார், முகத்தில் ஈயாடவில்லை. என் அம்மா அவருக்கும் சக்கைதான் போட்டார். அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அது வேறு விஷயம்.

சரி, மிளகுக்கு எதற்கு 'நல்ல'? அதற்குப் பின்னால் ஒரு மாமியார் மருமகள் கதையே இருக்கிறது. மிளகுக்குத் தாய்வீடு இந்த மேற்குத் தொடர்ச்சி மலைதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்து சேர்ந்ததும் இந்தச் சரக்கைத் தேடித்தான். அவருக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியக் கப்பல்கள் மிளகை ஏற்றிக்கொண்டு போனதோடு நிற்காமல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயைக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டன. வந்தவள் சிவப்பாக இருந்தாள், எந்த மண்ணிலும் வளர்ந்தாள், விலையும் குறைவு. கொஞ்ச காலத்தில் அடுக்களையே அவள் கைக்குப் போய்விட்டது. போனால் போகட்டும் என்றால், மாமியாரின் பெயரையும் எடுத்துக்கொண்டாள். மிளகோடு ஒரு காயை ஒட்டி மிளகாய் என்று நாம் வைத்தோம், அதுகூடப் பரவாயில்லை; மலையாளத்தில் வெறுமனே முளகு என்றால் இன்றைக்கு மிளகாய்தான். பழைய மிளகு தன் சொந்த வீட்டிலேயே நல்லமுளகு, குருமுளகு என்று அடைமொழி போட்டுக்கொண்டு, நானும் இருக்கிறேன் என்று ரசத்தில் மட்டும் தலைகாட்டுகிறது. உங்கள் மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்குப் போகிறபோது எனக்கு அந்த மிளகுதான் ஞாபகம் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், மிளகாய் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மிளகு என்று எழுதினால் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வரும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்த அன்பர் என்னை விடுவதாக இல்லை. உள்ளித்தீயலுக்கு (சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற எங்கள் ஊர்க் குழம்பு) வறுக்கும்போது தேங்காய், மிளகாய் வத்தல், கொத்தமல்லியோடு நல்லமிளகும் சேர்க்க வேண்டுமாம். சேர்க்காதவன் தீயல் வைக்கவில்லையாம், புளிக்குழம்புக்குக் கறுப்புச் சாயம் போட்டிருக்கிறானாம். என் அம்மா சேர்த்ததில்லை. தேங்காய் கறுக்கிற பதத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் சட்டியை இறக்கி, அந்தச் சூட்டிலேயே மீதியைக் கறுக்க விடுவார், அதுதான் தீயல். ஐயா, உங்கள் ஐந்தாவது கார்டுக்கும் இதேதான் பதில்.

இனி வழி. குமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் 'வழி' கேட்டால் நான் மருமக்கள்வழியைச் சொல்லாமல் விடுவேனா! மாமன் சொத்து அவன் பிள்ளைகளுக்கு இல்லை, அவன் சகோதரி பிள்ளைகளுக்கு. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் இதுதான் முறையாக இருந்தது. கட்டிக்கொண்டு வந்தவள் அந்த வீட்டில் காலம் முழுக்க உழைக்கலாம். சொத்தெல்லாம் புருஷனின் அம்மா வழிக்கு. அப்படிப்பட்ட வீட்டில் மாமியார் எப்படி இருந்திருப்பார்! தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று எழுதினாரே, அதில் மாமியாருக்கென்றே ஒரு படலம் உண்டு, பெயர் 'மாமி அரசியற் படலம்'. கொடுமை என்று பெயர் வைக்கவில்லை, அரசியல் என்று வைத்தார். கவிமணி கவிமணிதான். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து மனைவி மக்களுக்கும் சொத்தில் உரிமை கிடைத்தது. சட்டம் பத்தாயத்தின் சாவியைக் கைமாற்றியது, அஞ்சறைப்பெட்டியைத் தொடவில்லை. உங்கள் மாமியார் வீட்டில் அந்த வழி இருந்ததோ இல்லையோ, அஞ்சறைப்பெட்டி அவர் பக்கம்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

ஒத்துப்போவது பற்றி என்னிடம் கேட்பதே தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் நாலு தாலுகா திருவிதாங்கூர் வீட்டைவிட்டுத் தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்தோம். விரும்பித்தான் வந்தோம், போராடித்தான் வந்தோம். ஆனால் நெய்யாறு அணை இன்று கேரளமாகிவிட்ட அந்த வீட்டில், அதன் இடதுகரைக் கால்வாயை நம்பிய விளவங்கோட்டு வயல் இந்த வீட்டில். 2004இல் நின்ற தண்ணீருக்கு உச்ச நீதிமன்றம் வரை போயாயிற்று. (இந்த மாதமும் நெய்யாறு வந்துவிட்டதே என்று துணையாசிரியர் தலையில் அடித்துக்கொள்கிறார். மாமியார் கேள்வியில்கூடவா என்கிறார். தண்ணீர் வருகிறவரை நெய்யாறு வரும்.)

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுவதையும் இரண்டு முறை படித்தேன். மாமியார் பதினான்கு இடத்தில் வருகிறார், தேங்காய் எண்ணெய் ஆறு இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று இடத்தில், ஒரு பூனை ஒரு இடத்தில். உங்கள் வீட்டுக்காரர் எங்கே அம்மா? ஒரு வரியில்கூட ஆளைக் காணோம். இரண்டு எண்ணெய்க்கும் நடுவில் இலையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மாமியார் வைத்தது தீயல் என்றால் தீயல், நீங்கள் வைத்தது காரக்குழம்பு என்றால் காரக்குழம்பு என்று தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகிறாரா? நானும் பத்து வருடம் அப்படித்தான் போனேன், அதனால் அந்தப் பிராணியை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். மருமக்கள்வழிக் காலத்துப் புருஷனுக்காவது 'என் பேரில் எதுவும் இல்லை' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. இவருக்கு என்ன சாக்கு? அவரைப் பிடித்துத் தேங்காய்த் துருவி முன்னால் உட்காரவையுங்கள். இரண்டு மூடி துருவி முடிப்பதற்குள் அடுக்களையில் யார் யாருக்கு என்ன சொல்கிறார்கள் என்பது அவர் காதிலும் விழும்.

எண்ணெய்க்கு இரண்டு புட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு இருக்கிறது. அம்மா போய் ஆறு வருடம் ஆனபிறகு தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான் சீக்கிரம் காலியாகிறது, ஏன் என்று நான் கரூர்க்காரியிடம் கேட்டுக்கொள்வதில்லை.

அப்புறம், ஒரு உதவி. நாளைக்கு உங்கள் மாமியார் திண்ணையில் இருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, உள்ளித்தீயலுக்கு நல்லமிளகு சேர்ப்பாரா மாட்டாரா என்று கேட்டு எனக்கு எழுத முடியுமா? சேர்க்கமாட்டார் என்றால் அவர் பெயர், ஊரோடு அடுத்த இதழில் போடுகிறேன். சேர்ப்பார் என்றால் கடிதம் வேண்டாம், அந்தக் கருங்கல்காரர் கண்ணில் பட்டுவிடும்.