கிராமத்துல பெண்கள் சேர்ந்து வாசிக்கிற கூட்டம் நடக்குமா?

நடக்கும். எங்க ஊர்ல 2019-லருந்து நடக்குது, கொரோனா சமயம் மட்டும் நின்னுச்சு. தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். ஊர் பேர் வேண்டாம்.

"ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்து, மாசம் ஒரு தடவை கூடிப் பேசலாம்னு இருக்கேன், யாராவது வருவாங்களா?"ன்னு கேட்டிருக்கீங்க. நீங்க கல்யாணமாகிப் புது ஊருக்கு வந்தவங்கன்னு நினைக்கிறேன். பேச ஆள் இல்லாத வீட்டுல இருக்கும்போதுதான் இந்த யோசனை வரும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஆனா அந்தப் புத்தகம் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யாதீங்க. நான் செஞ்சு பார்த்தவ.

நான் வீட்டுல துணி தைக்கிறேன். ஜாக்கெட் கொடுக்க வர்றவங்க திண்ணையில உட்கார்ந்து பேசிட்டுத்தான் போவாங்க. அவங்கள்ல ஆறு பேரைச் சேர்த்து, என் அட்டையிலயும் என் பொண்ணு அட்டையிலயும் நூலகத்துல எடுத்ததைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ரெண்டு பேர்தான் வந்தாங்க. மத்தவங்க என்னை எதிர்ல பார்த்தா வேற சந்துல திரும்பிட்டாங்க. ஒரு அக்கா தைச்ச துணியை வாங்கக்கூட வராம மகனை அனுப்பினாங்க. புத்தகத்துல ஒரு பக்கம் கூடப் புரட்டலைங்கிற வெட்கம். விடியறதுக்கு முன்னாடி தக்காளி பறிக்கப் போறவங்க, வந்து மாடு, சமையல், பிள்ளைங்க. ராத்திரி புத்தகத்தைப் பிரிச்சா கண்ணு சொக்கத்தான் செய்யும். எனக்கு இது உறைக்க ஒரு மாசம் ஆச்சு.

என் நாத்தனாரோட மாமியாருக்கு எழுபது வயசுக்கு மேல, கைநாட்டு. அவங்கதான் சொன்னாங்க, "ஏம்மா, படிச்சிட்டு வர்றவதான் உட்காரணும்னா நான் எங்க போறது? நீ படி, நாங்க கேக்கறோம்."

சரின்னு ஒரு சிறுகதையைச் சத்தமா படிச்சேன். புருஷன் வீட்டை விட்டு ஒருத்தி பொறந்த வீட்டுக்குக் கிளம்புற கதை. பாதியில அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாங்க. "அவ மூட்டையில என்ன எடுத்துட்டு வந்தா? அதைப் போடலையா?" கதையில அது இல்லை. அப்புறம் மெதுவா அவங்களே சொன்னாங்க. அவங்களும் ஒரு நாள் அப்படிக் கிளம்பியிருக்காங்க. இடுப்புல பிள்ளை, துணியில முடிஞ்ச ரெண்டு படி கேழ்வரகு. ஆத்தா வீட்டுல நம்ம சோறு பாரமாயிடக்கூடாதுன்னு கேழ்வரகு. நாலு நாள் கழிச்சு அண்ணன் திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டாராம், கேழ்வரகு அங்கயே இருந்துடுச்சாம். என் நாத்தனார் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. இருபது வருஷம் ஒரே அடுப்புல சமைச்ச மருமகளுக்கே அன்னைக்குத்தான் தெரியும். அன்னைக்கு அந்தக் கதையை நான் முடிக்கலை.

அடுத்த வாரம் பதினோரு பேர் வந்தாங்க.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ, இலக்கியம் தெரிஞ்ச மாதிரி பேச வரலை. ஆனா "இது டவுன் பழக்கம், கிராமத்துக்கு ஒத்து வராது"ன்னு யாராவது கீழே எழுதுவீங்க, அதுக்கு இப்பவே சொல்லிடறேன். எங்க பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுல மதியம் பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. பல ஊர்ல 18 நாள் நடக்கும். மதிய வெயில்ல பந்தல்ல உட்கார்ந்து பாரதம் கேட்கிறது பெரும்பாலும் பொம்பளைங்கதான். படிக்கத் தெரியாத அந்தம்மாவுக்கு அபிமன்யு எப்படி மாட்டினான்னு வரிசை தப்பாம தெரியும். சத்தமா படிக்க, சேர்ந்து கேட்க எங்க ஊருக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை. படிக்கிற இடத்துல ஒரு பொம்பளை உட்கார்ந்தது மட்டும்தான் புதுசு.

தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு முதல்ல ஆரம்பிச்சதும் எங்க தருமபுரியிலதான், 1989-ல. அதனால இங்க பொம்பளைங்க கூடுறதை யாரும் தப்பா பார்க்கிறதில்லை. ஆனா குழுக் கூட்டம்னா கடன் வரும், விடுவாங்க. கதை கேட்கப் போறேன்னா "வேலை இல்லையா?"ன்னு கேட்பாங்க. அதுக்காக ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க. தவணை பாக்கி இருக்கிறவ குழு நடக்கிற இடத்துல வாயைத் திறக்க மாட்டா. குழுவைக் குறை சொல்றதா நினைக்காதீங்க, நானும் உறுப்பினர்தான்.

கேட்காத ஒண்ணையும் சொல்லிடறேன், மனசு ஆறலை. 1948 சட்டத்துல இருந்தே நூலகத்துக்குன்னு வரி இருக்கு. இப்ப சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா. நாங்களும் கட்டறோம். ஆனா நான் புத்தகம் எடுக்கிற நூலகத்துல பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. கேட்டா "வந்தமா, எடுத்தமா, போனமான்னு இருக்கணும்"னு பதில். ஆம்பளைங்க காலையில பேப்பரைப் பிரிச்சா மதியம் வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண்ணுன்னு மேடைக்கு மேடை பேசறாங்க. அந்த மண்ணுல ஒரு பொண்ணு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க இடம் இல்லை. மனு ரெண்டு தடவை கொடுத்தாச்சு. மூணாவதுல கூட்டத்துக்கு வர்ற எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம், அந்தம்மா கைநாட்டும் இருக்கு.

உங்க விஷயத்துக்கு வர்றேன். ஞாயிறு மூணு மணி வைங்க, அஞ்சுக்கு மாடு கறக்கணும். அரை மணியில முடியுற கதையா எடுங்க. நடுவுல யாராவது பேச ஆரம்பிச்சா புத்தகத்தை மூடிடுங்க.