கேட்பாரற்றுக் கிடக்கும் தள்ளுவண்டி: யாரிடம் சொல்வது?

கேள்வி: எங்கள் வீடு குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம். மே மாத சீசனில் சோளம் விற்ற தள்ளுவண்டி ஒன்று, மழை பிடித்த பிறகும் சாலையோரச் சாக்கடையில் ஒரு சக்கரம் இறங்கியபடி கிடக்கிறது. போகிற வருகிறவர்கள் அதில் குப்பை போடுகிறார்கள். யாரிடம் புகார் செய்வது?

பதில்: முதலில் பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். சீசன் முடிந்ததும் ஊருக்குப் போகிற வியாபாரிகள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போவதுண்டு. அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஆள் தெரிந்தால் ஒரு போனிலேயே விஷயம் முடிந்துவிடும்.

ஆள் கிடைக்கவில்லையா? சரி, அப்புறம் இடம் யாருடையது என்று பாருங்கள். மலையில் புகார்கள் அலைக்கழிவது பெரும்பாலும் இதனால்தான். உங்கள் பகுதி நகராட்சி என்பதால் நகராட்சி சுகாதாரப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளி ராணுவப் பகுதியான வெலிங்டன் என்றால் அதை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் வாரியம், உபதலை என்றால் ஊராட்சி. காட்டுக்குள் உருண்டுவிட்டால் வனத்துறை.

புகாரின் முதல் வரியிலேயே 'சாக்கடை அடைபடுகிறது' என்று எழுதுங்கள். அதுதான் அவசரம். குன்னூருக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான். அடைபட்ட தண்ணீர் சாலையில் ஏறி, தடுப்புச்சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறினால் என்ன ஆகும் என்பதை 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு படம் போதும்: பக்கத்து மின்கம்பத்தின் எண் தெரிகிற மாதிரி ஒன்று, சக்கரம் இறங்கிய இடம் கிட்டத்தில் ஒன்று. 'பார்க் பக்கம் ஒரு வண்டி' என்று மட்டும் எழுதினால் வருகிறவர் தேடிவிட்டுத் திரும்பிப் போவார். புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அசைவில்லை என்றால் முதல்வரின் உதவி மையத்துக்கு, 1100 என்ற எண்ணில், அழையுங்கள். ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

புகார் செய்தால் வியாபாரி வயிற்றில் அடித்ததாகுமோ என்று தயங்க வேண்டாம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். உரியவர் வந்து கேட்டால், கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள், கட்டணம் வாங்கிக்கொண்டு, திருப்பித் தந்தாக வேண்டும்.

தொல்லை தீரட்டும் என்று சரிவில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். கீழே ஓடையில் விழுந்த வண்டியை மேலே ஏற்றுவது பெரும்பாடு. வண்டியில் சாப்பாட்டு மிச்சம் இருந்தால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றன்றே இருட்டுவதற்குள் எடுத்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த வாசனைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வீட்டு வாசல் வரை வந்துவிடும்.