பெர்க்லி கலைக்கூடமும் படக்கொட்டகையும்: கேட்டதும் சொன்னதும்

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தை ஒட்டி ஒரு கலைக்கூடம் இருக்கிறது. பசிபிக் திரைப்பட ஆவணக் காப்பகமும் அதே கட்டடத்தில்தான். நான் அடிக்கடி போகிறவள் என்பதால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி நண்பர்கள் கேட்ட கேள்விகள் சேர்ந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, படம் பார்க்க எங்கள் ஊரிலேயே மல்டிப்ளெக்ஸ் இருக்கிறது. அங்கே அப்படி என்ன விசேஷம்?

மல்டிப்ளெக்ஸில் இந்த வாரத்துப் படம் ஓடும். இங்கே நூறு வருடப் பழைய ஊமைப்படத்தைப் பியானோவை நேரில் வாசித்துக்கொண்டே காட்டுவார்கள். ஜப்பானுக்கு வெளியே ஜப்பானியப் படச்சுருள்கள் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

பல படங்களை 35 மில்லிமீட்டர் ஃபிலிமிலேயே ஓட்டுகிறார்கள். ஒரு ரீல் சுமார் இருபது நிமிடம். அது முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் கண் சிமிட்டும். ஆபரேட்டர் உடனே இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரைப் போடுவார். ஏழெட்டு விநாடியில் இன்னொரு வட்டம் வந்ததும் படம் இந்த இயந்திரத்திலிருந்து அதற்குத் தாவிவிடும். நம் டூரிங் டாக்கீஸில் ஒரே இயந்திரம் இருந்ததால்தான் ரீலுக்கு ரீல் விளக்கைப் போட்டார்கள், முறுக்கும் விற்றது. அந்த வட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டேன், அப்புறம் கதை ஒரு பக்கம் ஓட என் கண் மூலையிலேயே நின்றது. இதற்காக என் வீட்டுக்காரர் என்னோடு படத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

பெரிய பணக்காரர் யாரோ கட்டிக் கொடுத்ததா?

இல்லை, ஓர் ஓவிய வாத்தியார் போட்ட விதை. ஹான்ஸ் ஹோஃப்மன் ஜெர்மனிக்காரர். 1930-லும் 1931-லும் கோடை வகுப்பு எடுக்க பெர்க்லி அவரை அழைத்தது. அவர் அமெரிக்காவுக்கு வந்ததே அந்த அழைப்பால்தான். நாஜிகள் தலையெடுத்த ஜெர்மனிக்கு அப்புறம் அவர் திரும்பிப் போகவில்லை. அந்த நன்றியை மறக்காமல் 1963-ல் ஏறக்குறைய ஐம்பது ஓவியங்களையும் 2,50,000 டாலரையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். முதல் கட்டடம் 1970-ல் திறக்கும்போது அவர் உயிரோடு இல்லை.

பழைய கட்டடத்தை ஏன் விட்டார்கள்? இப்போது இருப்பது என்ன கட்டடம்?

மாரியோ சியாம்பி வடிவமைத்த பழைய கட்டடம் முழுக்கக் கான்கிரீட். உள்ளே மாடங்கள் விசிறி போல விரியும். எனக்குப் பிடிக்கும், குகை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. நிலநடுக்கம் கிளம்பக்கூடிய ஹேவர்டு நிலப்பிளவு வளாகத்தின் ஊடாகவே போகிறது. பெரிய நிலநடுக்கத்தை அந்தக் கட்டடம் தாங்காது என்று 1997-ல் தெரிந்தது. வெளியே இரும்பு முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். திரையரங்கு 1999-ல் ஒரு தற்காலிகக் கட்டடத்துக்குப் போனது. புதுக் கட்டடத்துக்கு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ போட்ட திட்டம் செலவு கட்டுப்படியாகாமல் 2009-ல் கைவிடப்பட்டது.

கடைசியில், பல்கலைக்கழகத்தின் 1939-ஆம் வருட அச்சகத்தையே கலைக்கூடமாக மாற்றி, பக்கத்தில் எஃகுத் தகடு போர்த்திய புதுப் பகுதியை ஒட்டினார்கள். 2016 ஜனவரி 31-ல் திறந்தார்கள். ஐக்கிய நாடுகள் சாசனம் 1945-ல் அச்சானது இந்த அச்சகத்தில்தான். கூரையில் ரம்பப் பல் மாதிரி சன்னல்கள் இருக்கும், அண்ணாந்து பாருங்கள்.

போன முறை துணிக் கண்காட்சி பார்த்தோம். ஒரே இருட்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறார்களா?

வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், நூல் இற்றுப்போகும். போனது போனதுதான். அதனால் துணிக்கும் காகிதத்துக்கும் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவார்கள், சில மாதம் காட்டிவிட்டு உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும்.

அந்த இருட்டில் பார்க்க வேண்டியவை ரோஸி லீ டாம்ப்கின்ஸ் தைத்த ஒட்டுப் போர்வைகள். அது புனைபெயர். நிஜப் பெயர் எஃபி மே ஹவார்டு. பக்கத்து ரிச்மண்டில் இருந்த கறுப்பினப் பெண்மணி. வெல்வெட் துண்டுகளைக் கோணல்மாணலாக வெட்டி, அளவு பார்க்காமல் இணைத்திருப்பார். பாட்டி பழைய புடவையை மடித்துத் தைத்த விரிப்பு நினைவுக்கு வரும். கிட்டப் போனால் ஒரே நிறத்து வெல்வெட் இரண்டு துண்டு, நார் ஓடும் திசை மாறியதால் ஒன்று மினுங்கும், மற்றது கறுத்துக் கிடக்கும். ஈலை லியோன் என்ற சேகரிப்பாளர் இவருடையதும் மற்ற கறுப்பினக் கலைஞர்களுடையதுமாக ஏறக்குறைய 3,000 போர்வைகளை இந்தக் கூடத்துக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். 2020 பிப்ரவரியில் ரோஸியின் பெரிய கண்காட்சி தொடங்கியது, அடுத்த மாதமே கொரோனா வந்து கதவைச் சாத்தியது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஃபோட்டோ எடுக்கலாமா?

ஃபிளாஷ் கூடாது. மற்றபடி காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திரையரங்கில் ஃபோனை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாமா, அக்கா?

பார்க்கலாம். மதியம் கூடம், மாலை படம். படத்துக்குத் தனி டிக்கெட். பெரிய அரங்கிலேயே 232 இருக்கைதான், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். டவுன்டவுன் பெர்க்லி பார்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே முதல் ரீல் போய்விடும்.