ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர்ஸ் (முன்னாடி நின்னு கோல் அடிக்கிறவங்க) ஏன் சீக்கிரம் ரிட்டயர் ஆகுறாங்க, அதுக்கப்புறம் என்ன பண்ணுவாங்க?

பெரும்பாலும் 35 வயசை ஒட்டி ஆட்டம் முடிஞ்சிரும், ஏன்னா ஸ்ட்ரைக்கருக்கு முதல் ரெண்டு மூணு அடி வேகம்தான் எல்லாமே, அது கொறஞ்சா டிஃபெண்டர் முந்திடுவான். அதோட பின்னாடி இருந்து விழுற உதையெல்லாம் கணுக்கால்லதான். நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் வான் பாஸ்டன் கணுக்கால் போய் கடைசி மேட்ச் ஆடினது 1993ல, அப்ப வயசு 28தாங்க! அர்ஜென்டினா ஸ்ட்ரைக்கர் பாடிஸ்டுடா 2005ல ரிட்டயர் ஆனப்புறம் வலி தாங்காம டாக்டர்கிட்ட காலை வெட்டி எடுத்துடுங்கன்னே கேட்டிருக்கார், அவரே சொன்னது, எவ்வளவு கொடுமை பாருங்க.

அப்புறம் ஆளுக்கொரு பாதைதான். வான் பாஸ்டன் நெதர்லாந்து டீமுக்கே கோச் ஆனார், ஜார்ஜ் வேயா 2018ல லைபீரியா அதிபராவே ஆயிட்டார். இங்கிலாந்தோட பிரீமியர் லீக்ல 260 கோல் அடிச்ச ஷியரர் டிவில மேட்ச் அலசுறார், நடுவுல 2009ல நியூகாசில் கிளப்புக்கு 8 மேட்ச் மேனேஜரா இருந்தார், டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு.