ஓவியம் தெரியாத ஒருவர் கலைக் கல்லூரி மாணவர் கண்காட்சிக்குப் போகலாமா?

கேள்வி இது: "எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் கலை படிக்கும் மாணவர்கள் வைக்கிற கண்காட்சிக்கு நான் போய் என்ன செய்யப் போகிறேன்?"

போங்கள். உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் போனால் அங்கே நிற்கிற பிள்ளைகளுக்கு ஒன்று கிடைக்கும். எனக்குக் கிடைத்தது, அதனால் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கத்துத் திருபுவனம். அப்பா பட்டு நெய்கிறவர். 2011 முதல் 2013 வரை குஜராத்தின் வடோதராவில், மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் முதுகலை படித்தேன். உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்சு எடுக்கும் பிரிவு. வெயில் ஏற ஏற அங்கே கண்காட்சிக் காலம் சூடு பிடிக்கும். முதலில் சின்னச் சின்னக் குழுக் கண்காட்சிகள், கடைசியில் ஆண்டுக் கண்காட்சி. அதை எல்லாரும் 'டிஸ்பிளே' என்றே சொல்வோம். உண்மையில் அது தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடுவார். ஆனால் அந்தத் தேர்வுத்தாளை ஊரே வந்து பார்க்கலாம் என்பதுதான் அந்த இடத்தின் அப்போதைய பழக்கம்.

தனியாகக் காட்சிக்கூடம் ஒன்று உண்டு என்றாலும், டிஸ்பிளே சமயத்தில் வகுப்பறைகளும் கூடமாகிவிடும். இரண்டு வருடம் ஆணி அடித்த சுவரில் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைப்போம். நாங்களே வெள்ளையடிப்போம். மேசைகளை வெளியே தூக்குவோம். அச்சு இயந்திரத்தை நகர்த்த முடியாது, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்திவிடுவோம். தரையில் மை கறை அப்படியே இருக்கும். எந்த அறையில் செய்தார்களோ அதே அறையில், செய்தவர் பக்கத்தில் நிற்க, படத்தைப் பார்ப்பது வேறு எங்கும் எளிதில் வாய்க்காது. நகரத்துக் கேலரியில் படத்துக்கும் உங்களுக்கும் நடுவே விலைப்பட்டியலும் ஒரு மேலாளரும் இருப்பார்கள்.

என் டிஸ்பிளேயில் பெரிய படம் அப்பாவின் குழித்தறி, அதாவது தரையில் குழி வெட்டி அமைத்த கைத்தறி. துத்தநாகத் தகட்டில் நாலு மாத வேலை. குழியை நல்ல கறுப்பாக அரித்து வைத்திருந்தேன். அந்த இருட்டில்தான் என் படத்தின் உயிரே இருக்கிறது என்று நினைத்தேன். தேர்வாளரும் அந்தக் கறுப்பைத்தான் பாராட்டினார்.

சாயங்காலம் வயதான ஒருவர் வந்தார். துணி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்ன வயதில் வீட்டில் கைத்தறி. படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நீளவாக்கில் ஓடும் பாவு எத்தனை முழம், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எந்தக் கை தள்ளும் என்று கேட்டார். பிறகு குழியைக் காட்டி, "கால் எங்கே? மிதிக்கட்டை எங்கே? மிதிக்காமல் உன் அப்பா எப்படி நெய்வார்?" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே தேடினார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தறியில் பாதி வேலை கால்தான் செய்கிறது. அப்பாவின் குதிகால் வெடிப்பைப் பார்த்து வளர்ந்தவன், காலையே விட்டுவிட்டு இருட்டை அழகாகப் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் எந்த வகுப்பு விமர்சனத்திலும் எழாத கேள்வி அது. விடுமுறை முடிந்ததும் அதே தகட்டைச் சுரண்டித் தேய்த்து, குழிக்குள் இரண்டு பாதங்களையும் மிதிக்கட்டைகளையும் கொண்டுவந்தேன். அச்சோவியத்தில் இதை இரண்டாம் நிலை என்பார்கள். அந்த இரண்டாம் நிலையைத்தான் இன்றைக்கும் என் படம் என்று காட்டுகிறேன்.

அவருக்கு ஓவியம் தெரியாது. தறி தெரியும். உங்களுக்கும் ஏதாவது ஒன்று தெரியும் இல்லையா?

வேறு ஏதோ தெரிந்தவர்கள் உள்ளே வந்ததுதான் அந்தப் புலத்தின் வரலாறும். 1950 இல் தொடங்கியது. ஓவியர் பேந்த்ரே, சிற்பி சங்கோ சவுதுரி ஆகியோர் முதல் தலைமுறை ஆசிரியர்கள். அடுத்த ஆண்டே வந்து சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போன பிறகு சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியரானவர். 1961 இல் எங்கள் புலத்தில் தொடங்கிய கலைச் சந்தைக்காக அவர் மர பொம்மைகள் செய்தார். ஊர்க் குழந்தைகள் வாங்கிப்போகிற பொம்மைகள். பூபேன் கக்கர் பம்பாயில் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1962 இல் பரோடா (வடோதராவின் பழைய பெயர்) வந்து கலை விமர்சனம் படித்தார், கணக்கு வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். கடிகாரம் பழுது பார்க்கிறவரையும் சவரக் கடையையும் தையற்காரரையும் பெரிய ஓவியத்துக்குள் கூட்டி வந்தவர் அவர். 2016 இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. கடைத்தெருவில் இருந்த கண்ணை அவர் ஸ்டூடியோவுக்குள் வந்தும் மாற்றிக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

திறந்த கதவுக்கு ஆபத்தும் உண்டு. 2007 மே மாதம், தேர்வுக்கு வைத்திருந்த படைப்புகள் மத உணர்வைப் புண்படுத்துவதாகச் சொல்லி வெளியாட்கள் உள்ளே வந்தார்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். எதிர்ப்புத் தெரிவிக்க மாணவர்கள், இந்தியக் கோயில் சிற்பங்களில் உள்ள காமக் காட்சிகளின் படங்களைத் துறை ஆவணத்திலிருந்து எடுத்து வைத்தார்கள். அதையும் மூடச் சொன்னது நிர்வாகம். மூட மறுத்த பொறுப்பு டீன் சிவாஜி பணிக்கர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நான் சேர்ந்தபோது நாலு வருடம் கடந்திருந்தும், சீனியர்கள் ஒரு படத்தை மாட்டுவதற்கு முன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்ப்பார்கள். அது என்னை இன்றும் வருத்துகிறது. அதனால்தான் கேட்கிறேன்: கோபத்தோடு வருகிறவர்கள் மட்டுமே அந்தக் கதவுக்குள் வரக் கூடாது. உங்களைப் போன்றவர்கள் நிறைய வர வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி முதிராத வேலையாகத்தான் இருக்கும். ஆசிரியரின் கை அப்படியே தெரியும். இன்ஸ்டாகிராமில் பார்த்தது தெரியும். பத்து அறை சுற்றினால் ஒரு படம் உங்களை நிறுத்தும். நிறுத்தினால் போதும், மீதியை வேகமாகக் கடந்துவிடுங்கள், தப்பே இல்லை.

நின்ற இடத்தில் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். "இதை எப்படிப்பா செய்தாய்?" என்று கேளுங்கள். தகடு அமிலத்தில் எத்தனை நிமிடம் கிடந்தது, களிமண் எங்கே வாங்கியது, சூளையில் எத்தனை வெடித்தது என்று கொட்டித் தீர்ப்பார்கள். அர்த்தம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

பிடித்தால் விலை கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். அச்சோவியத்தின் கீழே பென்சிலில் 3/10 என்று இருந்தால் பத்துப் பிரதியில் மூன்றாவது என்று அர்த்தம். நகல் என்று நினைத்து ஒதுக்காதீர்கள், ஒவ்வொன்றும் கையால் மை தடவி எடுத்ததுதான். நான் படித்த காலத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சின்ன அச்சோவியம் ஒன்று வாங்க முடிந்தது. அந்தப் பணம் அப்படியே மாணவர் கைக்குப் போகும். எனக்கு அப்படி வந்த முதல் பணம் ஊருக்கு ரயில் டிக்கெட் ஆனது.

வடோதரா தூரம் என்றால் சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில் 2014 முதல் மாணவர் பினாலேயும் கூடவே நடக்கிறது. எங்கே போனாலும் தேதியையும் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வடோதரா என்றால் மே மாத வெயில் தாங்காது, ஐந்து மணிக்கு மேல் போங்கள்.