ஃபர்ம்வேர் அப்டேட்டின்போது கரண்ட் போய், சென்னை அம்பத்தூர் டேட்டா சென்டரில் இருக்கும் சர்வர் எழவில்லை. நான் வேறு இடத்தில் இருக்கிறேன். சீரியல் கன்சோல் வழியாகத் தொலைவிலிருந்தே மீட்க முடியுமா?

பல சமயம் மீட்டுவிடலாம். ஆனால் போனது எந்த ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) என்பதுதான் முதல் கேள்வி. சர்வருக்குள் பயாஸ் (சர்வரை எழுப்பும் மென்பொருள்) தனி, பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த உதவும் சிப்) தனி. பெரும்பாலான போர்டுகளில் இரண்டுக்கும் வெவ்வேறு ஃப்ளாஷ் சிப்.

பயாஸ் மட்டும் போயிருந்தால் பெரிய கவலை வேண்டாம். பிஎம்சி ஸ்டாண்ட்பை கரண்டிலேயே ஓடும் தனிக் குட்டிக் கணினி. பயாஸ் செத்தாலும் அது உயிரோடு இருக்கும். டெல்லின் ஐடிராக், ஹெச்பிஇயின் ஐஎல்ஓ எல்லாம் இந்த வகைதான். அதன் வெப் பக்கத்துக்குப் போய், சர்வரை ஆஃப் செய்துவிட்டு, பயாஸ் இமேஜை (ஃபர்ம்வேர் ஃபைலை) மறுபடி எழுதப் பாருங்கள். நிறைய சர்வர்களில் இது நடக்கும்.

எழுதிய பிறகு சீரியல் ஓவர் லேன், அதாவது சர்வரின் எழுத்துத் திரையை நெட்வொர்க்கில் காட்டும் சீரியல் கன்சோல், திறந்து பார்ப்பீர்கள். அங்கே ஒரு எழுத்தும் வராவிட்டால் உடனே 'செத்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். பயாஸ் புதிதாக எழுதப்பட்டதும் செட்டிங் எல்லாம் பழைய இயல்புநிலைக்குப் போய், கன்சோல் ரீடைரக்ஷன் (திரையில் வருவதைச் சீரியலுக்கு அனுப்பும் செட்டிங்) அணைந்திருக்கலாம். பிஎம்சி பக்கத்தில் போஸ்ட் கோடு (சர்வர் எழும்போது எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் எண்) நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் சர்வர் எழுந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று: எஸ்எஸ்ஹெச் வழியாக இன்னொரு கணினிக்குள் போய், அங்கே ஐபிஎம்ஐடூல் (பிஎம்சியோடு பேசும் கட்டளை) ஓட்டினால், வெளியே வர டில்டே (~), புள்ளி தட்டியதும் எஸ்எஸ்ஹெச் இணைப்பே அறுந்துவிடும். டில்டேவை இரண்டு முறை தட்டி அப்புறம் புள்ளி வையுங்கள்.

பிஎம்சியே போயிருந்தால் கதை வேறு. சீரியல் ஓவர் லேன் என்பது பிஎம்சி தன் நெட்வொர்க் போர்ட் வழியாகத் தரும் வசதி. அது போனால் இதுவும் சேர்ந்தே போகும். 'நம்மிடம் ரிமோட் கன்சோல் இருக்கிறதே' என்று நம்பியிருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒருமுறை எங்களுக்கு இப்படி ஆனபோது டேட்டா சென்டரில் இருந்த தம்பி போனில், "அண்ணா, ஃபேன் எல்லாம் ஃபுல் ஸ்பீடுல கத்துது, பிஎம்சி லைட் மினுக்கவே இல்லை" என்றார். அதைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. கட்டுப்படுத்த ஆள் இல்லாதபோது ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றும்படித்தான் பல சர்வர்களை வடிவமைத்திருக்கிறார்கள்.

இந்த நிலையில் அங்கே ஒரு ஜோடிக் கை வேண்டும். நிறைய போர்டுகளில் பிஎம்சிக்கென்று சிறிய சீரியல் பின் ஹெடர் (கம்பி செருகும் ஊசி வரிசை) ஒன்று உண்டு. பெரும்பாலும் அது 3.3 வோல்ட் டிடிஎல் மட்டத்தில் இருக்கும், அதிக வோல்ட்டில் ஓடும் ஆர்எஸ்-232 அல்ல. பின்பக்க டிபி-9 (ஒன்பது ஊசி சீரியல்) போர்ட்டுக்கு வாங்கிய சாதாரண கேபிளை அதில் செருகினால் சிப் எரிந்துபோகலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) மூன்று கம்பி போதும். அடாப்டரில் மின்சாரம் தரும் கம்பியை (விசிசி) இணைக்கவே கூடாது. லேப்டாப்பை அங்கேயே விட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், மீதியை நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருந்தவர்கள் அம்பத்தூர் போவதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. 115200 வைத்துப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் கம்பிகளை மாற்றிப் போடச் சொல்லுங்கள். சரியாக அமைந்தால், பவர் கொடுத்ததும் யு-பூட் (பிஎம்சியை முதலில் எழுப்பும் சிறு நிரல்) வரிகள் ஓடி, சில நொடி கவுண்ட்டவுன் வரும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி நிறுத்துங்கள். யு-பூட் எட்டிப் பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிஎம்சி இமேஜை டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் எளிய முறை) வழியாக ஏற்றுவதே நல்லது. சீரியலில் ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாவதால் 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 பைட்தான் போகும். 32 எம்பி இமேஜுக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல். 9600 வேகத்தில் பத்து மணி நேரத்தைத் தொடும். நெட்வொர்க் வழியே இல்லையென்றால் ஒய்மோடம்தான் (சீரியல் கம்பியில் ஃபைல் அனுப்பும் முறை), பொறுமையாக அனுப்புங்கள்.

யு-பூட்டும் போயிருந்தால் பெரும்பாலும் சீரியலால் ஆவது ஒன்றுமில்லை. புரோகிராமர் என்ற கருவியின் கிளிப்பை ஃப்ளாஷ் சிப்பில் மாட்டி நேரடியாக எழுத வேண்டும். விலை மலிவான கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர்களில் பல, டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் தரும், 3.3 வோல்ட் சிப்புக்கு அது ஆகாது. எழுதுவதற்கு முன் சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, அந்தப் பழைய ஃபைலை அழிக்காமல் வையுங்கள். மேக் முகவரியும் (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) போர்டின் சீரியல் எண்ணும் பல சமயம் அதற்குள்தான் இருக்கும்.